பிடி யாருடைய கைக்கு?

கண்டிக் கைவினையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அலங்காரத்திலே தொடங்கி அலங்காரத்திலேயே முடித்துவிடுகின்றனர். கொடிவேலையோ அன்னமோ செரபெந்தியாவின் தலையோ பொறிக்கப்பட்டுவிட்டால், அது எப்பொருளாயினும் ‘கண்டி மரபு’ எனப் பெயர் பெற்றுவிடுகின்றது. அப்பொருளைக் கையாள்பவர் யார், அவர் கை அதனை எவ்வாறு பற்றுகின்றது, நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் பற்றுகின்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இம்மனப்பாங்கு கண்டிக் கைவினையைப் பேணவில்லை. அதனைக் கடைத்தட்டில் நிறுத்தி மெல்லச் சாகவிடுகின்றது. இதனை மெய்ப்பிக்க இரண்டு கத்திகள் போதும்: ஒன்று பிரபுவின் இடைக்கத்தி, மற்றது நாவிதரின் சவரக்கத்தி.

கண்டி இராச்சியத்தின் ‘பிஹ கெத்த’ எனப்படும் கத்தி இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையிலும் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையிலும் இடம்பெற்றுள்ளது. உருக்கு அலகின் முதுகிலே பித்தளையும் வெள்ளியும் பொதிந்திருக்கும். பிடி யானைத்தந்தத்தாலோ கொம்பாலோ மரத்தாலோ செதுக்கப்பட்டிருக்கும். சிலவற்றின் உறையிலே ஓலையில் எழுதும் எழுத்தாணியும் உடன் செருகப்பட்டிருக்கும். இத்தகையவற்றுட் சிறந்தவை ‘பட்டல் ஹதர’ எனப்பட்ட அரச பணிமனைகள் நான்கிலே உருவாயின. அக்கத்தி பிரபுவின் இடைக்கு அணி என்பது உண்மையே. ஆயினும் உறைக்குள் எழுத்தாணி இருந்தமை ஒன்றை உணர்த்துகின்றது: அது ஏட்டோடு வாழ்ந்தவனின் கருவியுமாகும். கருவியாய் இருந்தமையாலேயே அதன் அழகுக்கு ஓர் இடமும் ஓர் எல்லையும் இருந்தன.

இக்கலையை உலகறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1908 ஆம் ஆண்டிலே வெளிவந்த அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’, கண்டிக் கைவினைஞரின் தொழில்முறைகளை அவர்தம் பணிமனைகளிலேயே கண்டு பதிவு செய்த முன்னோடி நூல். கொல்லனின் உலைக்கும் ஓவியனின் தூரிகைக்கும் இடையே உயர்வு தாழ்வு கற்பித்தல் தவறு என அவர் நிலைநாட்டினார். அதற்கு அறிஞருலகம் என்றும் கடப்பாடுடையது. ஆனால் அந்நூலைப் போற்றுவோர் அதன் குறையையும் காணவேண்டும். நிலமானிய முறையின் கீழ் நிலம் பெற்று, அதற்கு ஈடாகச் சேவை புரிந்த கைவினைஞரின் வாழ்வை அவர் ஏறத்தாழ ஓர் இலட்சிய வாழ்வாகக் காட்டினார். அச்சேவை பிறப்பால் விதிக்கப்பட்டது, மறுக்க இயலாதது. 1832 ஆம் ஆண்டில் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது கைவினைஞர் புரவலரை இழந்தனர்; கூடவே ஒரு விலங்கையும் இழந்தனர். முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைப்பது வரலாறு ஆகாது.

தமிழ்ச் சமுதாயம் இதிலே தன்னைக் குற்றமற்றதெனக் கருதிக்கொள்ள வழியில்லை. நாவிதரைக் குடிமைத் தொழிலாளராக வைத்து, ஊர் முழுவதற்கும் அவர் கையை உரிமையாக்கி, கூலியை நெல்லாக அளந்து, திண்ணைக்கு அப்பால் நிறுத்திய சமுதாயம் அது. பிரபுவின் கத்திக்கு வெள்ளிப்பிடி வாய்த்தது. ஊரார் முகத்தையெல்லாம் துலக்கிய கத்திக்கோ கைவினை வரலாறுகளிலே ஒரு வரி இடங்கூட அரிதாயிற்று. எந்தக் கருவி அழகுக்குத் தகுதியுடையது என்பதைக் கருவியின் தொழில் தீர்மானிக்கவில்லை. உடையவனின் குலமே தீர்மானித்தது. இன்று நாவிதரின் கத்திக்குப் பிடி வடிவமைப்பது பற்றிப் பேசினால் நகைப்போர், அப்பழைய தீர்ப்பையே மீண்டும் வழங்குகின்றனர்.

இனிச் சவரக்கத்தியை நோக்குக. அதன் பிடியைப் ‘பிடி’ என்பதே ஒருவகையிற் பிழை. கத்தியை விரித்துச் சவரம் செய்யும்போது விரல்கள் பற்றுவது அலகின் கழுத்தை. சிறுவிரல் வாலின்மேல் அமரும். பிடி மேனோக்கி நிற்கும். பிடியின் தொழில் இரண்டு: மடித்தபோது கூர்வாயைக் காத்தல், விரித்தபோது அலகின் எடைக்கு எதிரெடையாதல். எனவே வடிவமைப்பு அலகிலிருந்தே தொடங்கவேண்டும். அலகைத் தாளில் வைத்து வரைந்து, சுழலாணியை மையமாகக் கொண்டு அது மடியும் வழியைக் குறித்த பின்னரே பிடியின் கோட்டை வரைதல் முறை. மடிந்த அலகின் கூர்வாய் இரு தகடுகளின் விளிம்புக்குள் அடங்கவேண்டும். அலகின் நுனி, மறுமுனையிலுள்ள ஆப்பைத் தொடலாகாது. அவ்வாப்பு சிறிதே சரிந்திருப்பினும் அலகு ஒருபுறம் சாய்ந்து தகட்டில் உரசும். பொறுமையாகத் தீட்டிய கூர் ஒரே மடிப்பிற் கெடும். தகடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் கனமே உடையது. அதிலே செரபெந்தியாவை ஆழச் செதுக்கினால் தகடு பலமிழக்கும். செதுக்கிய பள்ளங்களிலே சவர்க்காரமும் மயிரும் அழுக்கும் தங்கும். பிஹ கெத்தவுக்கு அழகாய் இருந்தது சவரக்கத்திக்கு நோயாகின்றது. மரபை அறிந்த கைவினைஞர் இவ்விடத்திலே உளியை அடக்குவார். மரபைப் பிரதி செய்பவரோ அடக்க அறியார்.

பொருள்களைத் தெரிவதிலும் இதுவே நியதி. யானைத்தந்தத்தின் சருவதேச வாணிகம் 1989 ஆம் ஆண்டுத் தீர்மானத்தாலே தடைசெய்யப்பட்டது. 2016 ஜனவரியிலே இலங்கை அரசு தான் கைப்பற்றி வைத்திருந்த தந்தங்களைக் காலிமுகத்திடலில் அழித்தது. தந்தமில்லையேல் கண்டிக் கலை இல்லை எனப் புலம்புவோர், எருமைக் கொம்பையும் கித்துள் மரத்தையும் மறந்தவர்கள். கொம்பு மெல்லியதாய் இழைக்கத்தக்கது. ஒளி ஊடுருவும் அழகுடையது. ஆனால் ஈரத்தில் நெளியும், பூச்சியும் அரிக்கும். கண்டியின் ஈரக்காற்றிலே மரத்தகடு எண்ணெய் ஊட்டப்படாவிடின் உப்பும். முற்காலத்துச் செலுலோயிட்டு மலிவும் பொலிவும் உடையதாயினும், பழுதுறும்போது வெளியிடும் அமில ஆவியால் தான் காக்கவேண்டிய அலகையே துருவேற்றிவிடும். இவையனைத்தையும் எடைபோட்டுத் தெரிவதே வடிவமைப்பு. பூவேலை அதன் இறுதிச் சொல்லேயன்றி முதற்சொல் அன்று.

‘இரத்தத்தின் வழியே நோய் பரவும் இக்காலத்தில் ஆளுக்கொரு புது அலகு வேண்டுமே, பழைய சவரக்கத்திக்கு இனி என்ன வேலை?’ என்பர் சிலர். அலகு மாற்றவேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆனால் இவ்வாதம் பிடியின் தேவையை நீக்கவில்லை, பெருக்குகின்றது. அலகு ஒரு முகத்தோடு குப்பைக்குப் போகின்றது. நிலைத்திருப்பது பிடி மட்டுமே. நாள் முழுதும் நின்று தொழில் செய்வோரின் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் ஏற்ற எடையும் வளைவும், கழுவித் தொற்றுநீக்கத்தக்க மழமழப்பும் உள்ள பிடியை அமைப்பது கைவினைஞருக்குக் குறைந்த சவாலா?

‘வெளிநாட்டார் வாங்குவதையே செய்யவேண்டும், வயிறு இருக்கிறதே’ என்பது மற்றொரு வாதம். வயிற்றின் பெயராலேயே அதனை மறுக்கலாம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்களும் 2020 இன் பெருந்தொற்றும் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் உல்லாசப் பயணிகளின் வரவை அடுத்தடுத்து முடக்கின. பயணியை மட்டுமே நம்பிய கைவினை அப்போது யாரிடம் சென்றிருக்க முடியும்? சலூன்களோ ஊரடங்கு நீங்கியவுடன் திறந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கையாற் செய்த சவரக்கத்திக்கு நல்ல விலை கொடுப்பர் என்பதும் மெய்யே. அவருக்கு விற்பதிற் பிழையில்லை. ஆனால் அவரும் அதனை விரித்து, மடித்து, எடைபார்த்தே வாங்குவார். தொழிலறிந்த கை ஒப்பாத பிடியை அவர் கையும் ஒப்பாது.

நத்தரம்பொத்தயின் கைவினைஞரும் எம்பெக்கேயின் சிற்பிகளும் திறமையற்றவரல்லர். அவர்களிடம் பயணிக்கான மாதிரிகளே மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றன. தொழிலாளியின் தேவை கேட்கப்படுவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயில்வோர் உண்டு. தொல்லியல் பயில்வோர் உண்டு. தமிழ் பயில்வோரும் உண்டு. பிடியின் எடையையும் கையின் அளவையும் கணிக்க முதல்வருக்கு இயலும். பழங்கத்திகளின் அமைப்பை விளக்க இரண்டாமவருக்கு இயலும். நாவிதரின் அடைப்பத்திலே வாழ்ந்து அழியும் தொழிற்சொற்களைத் தொகுக்க மூன்றாமவருக்கு இயலும். கண்டி நகரத்துச் சலூன் ஒன்றுக்குச் சென்று, அங்கு நிற்பவரிடம் ‘உங்கள் கைக்கு எது பொருந்தும்?’ என்று மரியாதையோடு வினவுவதே இவற்றுக்கெல்லாம் முதற்படி. அவ்வினாவைக் கேளாத கலைப்பற்று, கண்ணாடிப் பேழைக்குள்ளிருக்கும் கத்தியைப் போன்றது: பளபளக்கும்; ஒன்றையும் அறுக்காது.