"ஒண்ணும் இல்லைங்க" - இந்தப் பயத்துக்கு யார் பொறுப்பு?

 

போன அரவைப் பருவத்தில் என் வயலில் நடந்ததைச் சொல்கிறேன். வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு விரலில் கத்தி பட்டுவிட்டது. சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்கு வாம்மா, வண்டியில விடறேன்" என்றேன். "ஒண்ணும் இல்லைங்க, சின்னக் காயந்தாங்க" என்று சிரித்தார். சிரித்தது என்னைப் பார்த்து அல்ல. எனக்குப் பின்னால் நின்ற மேஸ்திரியைப் பார்த்து.

நானும் வற்புறுத்தவில்லை. ஏன்? டிராக்டர் காத்து நின்றது. அன்னைக்கு லோடு போகலைன்னா அடுத்த வெட்டு ஆர்டர் எப்ப வருமோ என்கிற பயம் எனக்கு!

தோழர்களே, வேலை செய்யுமிடத்தில் பயம் வாய்விட்டு அழாது. அது பேசுகிற பாஷையே வேற. "உங்க இஷ்டங்க." "நமக்கெதுக்கு வம்பு." "நான் புள்ளகுட்டிக்காரன்." படிக்காமலே காகிதத்தில் கைநாட்டு. கூட்டத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது. இதெல்லாம் பயம்தான். ஆனால் நிர்வாகம் என்ன சொல்கிறது? "எங்களுக்கு ஒரு புகாரும் வரலையே!" புகார் வராதது திருப்திக்கு அடையாளமா? பயத்துக்குச் சாட்சி அது!

யாருக்கு யார் மேல் பயம் என்று பாருங்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளிக்கு மேஸ்திரி மேல் பயம். பணத்துக்குப் பொறுப்பேற்ற மேஸ்திரிக்கு ஆலை மேல் பயம். பீல்டுமேனுக்கு மேனேஜர் மேல் பயம். பருவம் தாண்டினால் கரும்பு பூத்துக் காய்ந்து எடை போகும் என்பதால் விவசாயிக்கு எல்லார் மேலும் பயம். பயமே இல்லாதவர் ஒருத்தர்தான். நமக்குப் பாக்கி வைத்த ஆலை நிர்வாகம்!

வெட்டிக் கொடுத்த கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி என்று 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வட்டியை நம்மில் எத்தனை பேர் எழுதிக் கேட்டோம்? நானே மூணு வருஷம் கேட்கவில்லை. பேருக்குத்தான் செயலாளர்!

கேட்காத பயம் எங்கே கொண்டுபோய் விடும்? மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியாக முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டப் போகிறார்கள். ஒரு நாள் நின்றாலும் அபராதம். மாதவிலக்குக்கும் வயிற்று வலிக்கும் நின்றால் கூலி போய்விடுமே என்ற பயம். அதோடு தனியார் டாக்டர்கள் கிளப்பிவிட்ட புற்றுநோய் பயம். சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 2019-ல் அரசுக் குழு விசாரித்த 82 ஆயிரத்துச் சொச்சம் பெண்களில் 13 ஆயிரம் பேருக்கு மேல் இந்த ஆபரேஷன் நடந்திருந்தது. வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிட்டது!

"பயம் இருந்தாத்தான் வேலை நடக்கும்" என்று நம்ம விவசாயிகளே சிலர் பேசுகிறோம். தப்பு! பயந்தவன் கண் மேஸ்திரி மேல் இருக்கும், அடிக்கட்டை மேல் இருக்காது. கட்டையை உயர விட்டு வெட்டினால் சர்க்கரை அதிகமுள்ள அடிக்கரும்பு நிலத்திலேயே நின்றுபோகும், மறுதாம்பும் கெடும். நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்!

கீழத்தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் எப்படி ஒழிந்தன? 1940-களில் செங்கொடிச் சங்கம் கட்டியதால் ஒழிந்தன. தனி ஆளாக யாரும் அந்தப் பயத்தை விடவில்லை. பத்து பேர் பக்கத்தில் நின்றதால் விட்டார்கள்.

ஆகவே நாம் கேட்பதும் செய்வதும்:

1. வெட்டில் காயம் பட்டால் உடனே ஆஸ்பத்திரி. அன்றைய கூலி முழுசா தர வேண்டும். இதை முதலில் நம்ம வயலில் நாமே செய்வோம்.

2. முன்பணம், கூலிக் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். நகல் தொழிலாளி கையில். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனே செல்லாது.

3. வெட்டு ஆர்டர் பதிவு வரிசைப்படி. பட்டியல் ஆலை வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

4. பாக்கிக்கு வட்டியோடு பணம் கேட்டு ஒரே மனு. கையெழுத்தை வட்டமாகப் போடுவோம். முதலில் போட்டவன் யார் என்று தேடினாலும் கிடைக்காது! பழி வந்தால் என் மேல் வரட்டும். வட்டத்தின் நடுவில் என் பேர் இருக்கும்.

அந்த அம்மாவின் விரல் இன்னும் மடங்கவில்லை. அடுத்த பருவத்திலும் அவர் "ஒண்ணும் இல்லைங்க" என்று சொன்னால் அது நம் எல்லாருக்கும் வெட்கக்கேடு.

பயத்தைத் தனியாகச் சுமக்காதே! சங்கத்தில் இறக்கி வை!
விவசாயி - வெட்டுத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
சங்கச் செயலாளர்