ஒரே வீட்டில் இரண்டு பிடிபிடிஎன் கடன்

பிடிபிடிஎன் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் விடுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். கட்டாதவர்களின் பெயர் மீண்டும் கறுப்புப் பட்டியலில் ஏறுமா? 2018-ல் நீக்கப்பட்ட பயணத் தடை திரும்பி வருமா? அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில், 4,000 வெள்ளி சம்பளம் எட்டும்வரை கட்டத் தேவையில்லை என்று வாக்குறுதி தந்தார்கள். அது நிறைவேறவில்லை. 2023-ல் 1,800 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் சம்பாதிப்பவர்களுக்கு ஆறு மாத ஒத்திவைப்பு கிடைத்தது. இவை எல்லாமே படித்து முடித்த பிறகு வரும் கவலைகள். எனக்கோ உள்ளே நுழையும்போது நடப்பதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பிடிபிடிஎன் கடன் இருக்கிறது. இரண்டும் ஒரே கடன்தான், ஆனால் கனம் வேறு.

கொஞ்சம் வரலாறு. 1969-ல் பினாங்கில் இரண்டாவது பல்கலைக்கழகம் வரும்வரை நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் இருந்தது. இன்று பொதுப் பல்கலைக்கழகங்கள் 20. ஆனால் உயர்க்கல்வியின் கதவு அகலத் திறந்தது 1996-ல், தனியார் உயர்க்கல்விக் கழகச் சட்டம் வந்தபோது. மறு ஆண்டே பிடிபிடிஎன் சட்டமும் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு சட்டம் தனியார்க் கல்லூரிகளுக்கு வழிவிட்டது, மற்றொன்று அங்கே கட்டணம் கட்டப் பணம் தந்தது. கல்லூரிக்குப் போகவே முடியாது என்றிருந்த பல ஆயிரம் குடும்பங்களுக்கு இது பெரிய திறப்பு, அதில் ஐயமில்லை.

பொதுப் பல்கலைக்கழகங்களின் செலவில் சுமார் 90 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கிறது என்று 2015-ல் வெளியான உயர்க்கல்விப் பெருந்திட்டம் சொல்கிறது. ஆகவே என் படிப்புக்கான உண்மைச் செலவை நான் கட்டுவதில்லை. ஒரு பருவத்துக்கு ஆயிரம் வெள்ளியை ஒட்டித்தான் கட்டணம். என் கடனில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் பேருந்துக்கும் போகிறது. தனியார்க் கல்லூரி மாணவருக்கு இந்த 90 விழுக்காடு கிடையாது. அவர் கடன் முழுவதும் கட்டணத்துக்கே போய்விடும், பல நேரம் அதற்கே போதாது.

என் அக்கா கதை அதுதான். அவர் 2015-ல் எஸ்பிஎம் எழுதினார். முடிவு வந்த வாரமே ஒரு கல்லூரியின் முகவர் கூலாயில் எங்கள் வீட்டுக்கு வந்து, வரவேற்பறையில் வண்ணப் புத்தகத்தை விரித்தார். "ஒண்ணும் யோசிக்காதீங்க அங்கிள், எல்லாம் பிடிபிடிஎன்லயே போயிடும்" என்றார். அப்பா லாரி ஓட்டுநர். அவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஆறாம் படிவம் பற்றி அன்று யாரும் பேசவே இல்லை.

எல்லாம் போய்விடவில்லை. அடிப்படைப் படிப்புக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 13,600 வெள்ளி கடன், மூன்று ஆண்டில் 40,800. மீதிக் கட்டணத்துக்கு அப்பா இரவு ஓட்டமும் எடுத்தார். பிடிபிடிஎன் வசூலிப்பது ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம்தான். எந்த வங்கியிலும் இப்படிக் கிடைக்காது. இருந்தும் 15 ஆண்டுத் தவணையில் கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 260 வெள்ளி. ஜொகூர் பாருவில் அக்காவின் முதல் சம்பளம் 2,300. மோட்டார் சைக்கிள் தவணை, அறை வாடகை எல்லாம் போக எது முதலில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடனைக் கட்டாதவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எழுதுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அதற்காகக் கட்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிடிபிடிஎன் பெரும்பாலும் அரசாங்க உத்தரவாதத்தில் கடன் வாங்கித்தான் நமக்குத் தருகிறது. அந்தக் கடனுக்கான வட்டி நாம் கட்டும் 1 விழுக்காட்டைவிட அதிகம். இடைவெளியை நிரப்புவது வரிப்பணம். நாம் கட்டாமல் விட்டால் சுமை அடுத்து வருபவர் மேல் ஏறும்.

ஆகவே யாருடைய கடன் கனக்கும் என்பது பெரும்பாலும் 17, 18 வயதிலேயே முடிவாகிவிடுகிறது. ஓராண்டு மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ரா மாணவர்களுக்கு. 2019-ல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் இந்த விகிதம் மாறவில்லை. 10ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் என்று 2024-ல் பிரதமர் அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் 6ஏ, 7ஏ எடுத்த நம் மாணவர்கள்? அவர்களுக்கு மிஞ்சும் மலிவான பாதை எஸ்டிபிஎம். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். கடினம்தான், நானே இரண்டாம் பருவத்தில் பொருளியல் தாளைத் திரும்ப எழுதினேன். ஆனால் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போனேன், கடன் ஒரு காசு இல்லை. அந்த ஒன்றரை ஆண்டுப் பொறுமைக்கும் அக்காவின் 40,800 வெள்ளிக்கும் உள்ள தொடர்பை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அக்காவும் காத்திருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பெருந்திட்டம் உயர்க்கல்வி சேர்க்கை விகிதத்தை 48-லிருந்து 2025-க்குள் 70 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக இலக்கு வைத்தது. அது நடக்கவில்லை. காரணம் இடப் பற்றாக்குறை மட்டுமல்ல. பொதுப் பல்கலைக்கழகங்களில் இன்று பத்தில் ஆறு பேர் பெண்கள். என் விரிவுரை வகுப்பில் தமிழ்ப் பையன்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்கள் எங்கே என்று ஜொகூர்க்காரரைக் கேட்டால் விடியற்காலை நான்கு மணிக்குப் பாலத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள் வரிசையைக் காட்டுவார். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, பட்டம் வாங்கி 2,300-ல் தொடங்குவதற்குக் கடன் எதற்கு என்று அவர்கள் கேட்பது முட்டாள்தனமான கேள்வி அல்ல. அதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை.

இவ்வாண்டு தம்பிக்கு எஸ்பிஎம் முடிவு வந்துவிட்டது. 6ஏ. போன வாரம் வேறொரு கல்லூரியிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. இந்த முறை அப்பா, "பொண்ணுகிட்ட பேசுங்க" என்று போனை அக்காவிடம் கொடுத்தார். நான்கு ஆண்டுக்கும் மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் கடன் எவ்வளவு, பட்டம் எம்கியூஏ அங்கீகாரம் பெற்றதா என்று அக்கா மூன்றே கேள்வி கேட்டார். எதிர்முனையில் இருந்தவர், விசாரித்துவிட்டு மறுபடி அழைப்பதாகச் சொன்னார். இன்னும் அழைக்கவில்லை. ஆறாம் படிவப் பாரத்தைத் தம்பி வாங்கி வைத்திருக்கிறான். அவன் நண்பர்கள் இருவர் ஏற்கெனவே துவாஸில் வேலைக்குப் போய்விட்டார்கள். பாரத்தை இன்னும் நிரப்பவில்லை.