கடல் சாமந்தித் தொட்டியில் பாசி

பிரம்மதேசம் வாசகர் ஒருவரின் உப்புநீர்த் தொட்டியில் கண்ணாடி முழுக்கப் பாசி. நெல் வயலுக்குப் போடுவதுபோல மயில்துத்தம் போடலாமா, வயல் நத்தையைப் பிடித்து விடலாமா என்று கேட்டிருக்கிறார்.

மயில்துத்தம் கூடவே கூடாது. அதிலுள்ள தாமிரம் பாசிக்கு முன்னால் கடல் சாமந்தியைக் கொன்றுவிடும். வயல் நத்தை நன்னீர்ப் பிராணி. உப்புநீரில் செத்து அழுகும். பாசியைச் சுரண்டித் தின்னும் சிறு கடல் நத்தைகளே ஏற்றவை. முதலில் நாலைந்து போதும். பாசி தீர்ந்தால் அவையும் பட்டினிதான். சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, ஓட்டுக்காக நத்தையையே கொல்லும். கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம்.

ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவது போர்வெல் தண்ணீரா? உரத்தின் நைட்ரேட் அதில் கலந்திருந்தால் எத்தனை நத்தை விட்டாலும் பாசி திரும்பும். ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றவும், தீனியையும் குறைக்கவும்.