மேலே ஊத்தினால் கீழே குடிக்கணும்!

இளையரசனேந்தலில் பாதாளச் சாக்கடை கிடையாது. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த காலத்திலும் கிடையாது. 2008-ல் பிர்காவைத் தூக்கி கோவில்பட்டி தாலுகாவோடு சேர்த்த பிறகும் கிடையாது.

"பாதாளச் சாக்கடை டவுன்காரன் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கேள்வி. கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போனால் ஒரு டீ குடிக்கிறீர்களே, அந்த பாய்லரில் கொதிப்பது எந்த ஊர்த் தண்ணீர்?

கோவில்பட்டி நகரசபைக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். சீவலப்பேரியில் எடுத்து, குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். சீவலப்பேரி எங்கே இருக்கிறது? ஆறு குறுக்குத்துறையைத் தாண்டி, வண்ணார்பேட்டையைத் தாண்டி, நெல்லை நகரம் முழுவதையும் கடந்து கீழே இறங்குகிற இடத்தில் இருக்கிறது. சிற்றாறு வந்து சேருவதும் அங்கேதான். ஆக, நெல்லைக்காரர்கள் ஆற்றில் எதை விட்டாலும் அது சீவலப்பேரி வழியாகத்தான் போயாக வேண்டும்.

குளோரின் போட்டுத்தான் தருகிறார்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் மேலே ஒருவன் ஊத்துவதைக் கீழே ஒருவன் சுத்தம் செய்து குடிக்க வேண்டியிருக்கிறது, அந்தச் செலவும் கீழே உள்ளவன் தலையில் விழுகிறது என்பது நியாயமா?

நெல்லையில் பாதாளச் சாக்கடை இருக்கிறது. ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. அப்படியும் குழாயோடு சேராத தெருக்களின் சாக்கடை ஓடை ஓடையாக ஆற்றில் இறங்கியது. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனார். 2024 நவம்பரில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.புகழேந்தி இருவரும் நெல்லைக்கே வந்து, ஆற்றங்கரையில் இறங்கிப் பார்த்தார்கள். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற ஜீவநதி! அதில் சாக்கடை கலக்கிறதா என்று பார்க்க நீதிபதிகள் படியிறங்க வேண்டியிருந்தது.

சாக்கடை ஆபீஸ் என்றால் மூக்கைப் பொத்துகிறோம். அங்கே நடக்கிற வேலை என்ன தெரியுமா? வருகிற கழிவுநீரில் முதலில் கந்தல், பிளாஸ்டிக்கைக் கம்பி வலை போட்டுப் பிடிக்கிறார்கள். அப்புறம் மணலை இறக்குகிறார்கள். பிறகு தொட்டியில் காற்றை ஊதிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. சம்பளம் கேட்காத தொழிலாளிகள்! ஆனால் கரண்ட் நின்று, காற்று நின்றால் அவையும் செத்துப்போகும். அழுக்கு அழுக்காகவே வெளியே ஓடும். கட்டடம் கட்டித் திறப்பு விழா நடத்தினால் மட்டும் போதாது. ராத்திரி பகலாக ஓட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஒழுங்காக ஓட்டினால் காசும் வரும். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தினம் தலா 4½ கோடி லிட்டர் சாக்கடைத் தண்ணீரை நன்றாக வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் 2019-ல் வந்தன. பஞ்சத்தில் தவித்த ஊரில் அத்தனை நல்ல தண்ணீர் மிச்சம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

இங்கே வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அதில் தப்பில்லை. முறையாகக் கட்டினால் கெட்டி அடியில் தங்கும். தெளிவு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கும். ஆனால் நம்ம மண் கரிசல் மண் ஆச்சே! மழை பெய்தால் உப்பிக்கொண்டு சொட்டுத் தண்ணீரைக்கூட இழுக்காது. கோடையில் வெடிப்பு விழுந்தால் குழியில் இருப்பது அந்த வெடிப்பு வழியாக எங்கே போகும், யார் கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. தேரிமணலில் கட்டுகிற அதே கணக்கில் கரிசலில் குழி வெட்டக் கூடாது. கொத்தனாருக்கு இது தெரியும். வீட்டுக்காரர் செலவைப் பார்த்துச் சுருக்கச் சொல்கிறார். அடியில் தளம் போடாமல் விட்டால் 'டேங்க் நிரம்பவே நிரம்பாது' என்று பெருமை வேறு! நிரம்பாத டேங்க் என்றால் அது நிலத்துக்குள் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

நிரம்பினால் லாரி வருகிறது. குழாயைப் போட்டு உறிஞ்சுகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. எங்கே போய்க் கொட்டுகிறது? இதை யாரும் கேட்பதில்லை. இருட்டில் ஓடையிலோ கண்மாய்க் கரையிலோ திறந்துவிட்டால் அடுத்த மழைக்கு வைப்பாறு வரைக்கும் அதற்கு வழி இருக்கிறது. வழியில் ஆடு மாடு குடிக்கிற தண்ணீரும் அதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. செப்டிக் டேங்க் கழிவை எப்படி எடுக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்று 2014-லேயே தமிழக அரசு விதிமுறை வகுத்தது. நகர்ப்புறங்களில் லாரிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நீர்நிலையில் கொட்டினால் முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய், மறுபடியும் செய்தால் 50 ஆயிரம் ரூபாய் அபராதம். கிராமத்தில் பிடிப்பது யார்? தாலுகா கோவில்பட்டிக்கு மாறியபோது பஞ்சாயத்து யூனியன் மட்டும் குருவிகுளத்திலேயே நின்றது. வருவாய்க்கு ஒரு ஜில்லா, யூனியனுக்கு இன்னொரு ஜில்லா! ஒரு பட்டா வாங்கவும் ஒரு தெருவிளக்குக்கும் ஜனங்கள் இரண்டு திசையில் அலைந்தார்கள். லாரிக்காரனுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்குமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'விஷவாயு தாக்கி தொழிலாளி சாவு' என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! மூடிக் கிடக்கும் தொட்டியில் சேரும் வாயு மூக்கை முதலில் மரக்கடித்துவிடும். நாற்றம் தெரியாமல் போனதும் ஆபத்து இல்லை என்று நினைத்து இறங்குகிறான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுகிறான். மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகைதான் ஏறியிருக்கிறது. லாரி கூலியில் நூறு, இருநூறை மிச்சம் பிடிக்க வாளியோடு ஆளை இறக்குகிற வீட்டுக்காரர் இதை யோசிக்க வேண்டும்.

கோவில்பட்டி பக்கத்துக் கிராமங்களுக்கென்று லாரிகள் கொண்டுபோய்க் கொட்ட ஒரு சுத்திகரிப்பு இடத்தை இரண்டு ஜில்லா கலெக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதுவரைக்கும் லாரியைக் கூப்பிடுகிற ஒவ்வொருவரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால், "அண்ணாச்சி, இதை எங்கே கொண்டுபோய் விடப்போறீங்க?" என்று கேட்டுவிட்டு, வண்டி நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.