விவசாயிக்கு எதுக்கு கதைப் புத்தகம்?

பத்து நாளா நாத்தங்கால் வேலை, அதான் எழுத முடியலை. இன்னைக்குக் கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன். பொறுத்துக்குங்க.

போன வாரம் மச்சினன் மகன் சென்னையிலேர்ந்து வந்திருந்தான். நல்ல பையன். மோட்டார் கொட்டகையில கயித்துக் கட்டில் மேல கிடந்த புத்தகங்களைப் புரட்டிப் பாத்துட்டு, "இதெல்லாம் படிக்க உங்களுக்கு நேரம் இருக்கா மாமா? இந்த நேரத்துல வேற வருமானம் ஏதாவது பாக்கலாம்ல?"ன்னு கேட்டான்.

மெட்ரோ ரயில்ல நாவல் படிக்கிறவர்கிட்ட இதைக் கேப்பானா? மாட்டான். அங்க படிச்சா அது ரசனை. வயக்காட்டுல படிச்சா பொழைக்கத் தெரியாதவன்.

நேரம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, சொல்றேன். ராத்திரி தண்ணி வச்சா ஒரு வயல் நிறையுற வரைக்கும் காத்துக் கிடக்கணும். அப்புறம்தான் மடை மாத்தணும். அந்த நேரத்துல செல்போன்ல வீடியோ பாத்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. நான் போன மாசம் தஸ்தயேவ்ஸ்கியோட 'வெண்ணிற இரவுகள்' படிச்சேன். கோடையில ராத்திரியும் முழுசா இருட்டாத ரஷ்ய நகரம். அங்க ஒரு தனி ஆள், வேற ஒருத்தனுக்காகக் காத்திருக்கிற பொண்ணுகிட்ட மனசைக் குடுத்துட்டுத் தவிக்கிறான். அதைப் படிச்சதுல எனக்கு ஒரு மூட்டை நெல்லு கூட வரலை. ஒத்துக்கிறேன். ஒரு தடவை படிச்ச சுவாரசியத்துல வரப்பு உடைஞ்சு தண்ணி பக்கத்து வயலுக்குப் போயிடுச்சு, அதையும் ஒத்துக்கிறேன். அதுக்காகப் படிக்கிறதை விட்டுட முடியுமா?

இன்னொரு கூட்டம் இருக்கு. விவசாயி படிக்கலாம், ஆனா விவசாயப் புத்தகம்தான் படிக்கணும்னு நினைக்கிறவங்க. 'ஒற்றை வைக்கோல் புரட்சி' மட்டும் என்கிட்ட மூணு இருக்கு, மூணும் அன்பளிப்பு. நல்ல புத்தகம்தான். ஆனா பேங்க்ல வேலை பாக்குறவர் பொறந்த நாளுக்கு வட்டிக் கணக்குப் புத்தகமா குடுக்குறீங்க?

கி. ராஜநாராயணன் யாரு? இடைசெவல்ல விவசாயம் பாத்தவர். காலேஜ் படிக்காத அவரைத்தான் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியரா கூப்பிட்டுச்சு. 2019ல 'சூல்' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வாங்குன சோ. தர்மன், உருளைக்குடி கிராமத்துக்காரர். ஆத்துப் பாசனத்துல வளந்த எனக்கு, ஒரு கண்மாய்னா என்னன்னு அந்தக் கதைதான் காட்டுச்சு. மண்ணுலேர்ந்து வந்த கதையை மண்ணுல இருக்கிறவன் படிக்கக் கூடாதா?

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க கொல்லையில தென்னை மொத்தமும் சாஞ்சு போச்சு. அப்பா வச்ச மரங்க. பல நாள் கரண்ட் இல்லை. வீட்டுல யாரும் யார்கூடயும் பேசலை. எனக்கு வந்த நினைப்பெல்லாம் நல்ல நினைப்பு இல்லை. அரிக்கேன் விளக்குல 'கோபல்ல கிராமம்' எடுத்தேன். இருந்ததை எல்லாம் விட்டுட்டு ஓடி வந்த சனங்க, காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்குற கதை. அது என் கடனை அடைக்கலை. ஆனா படிச்சு முடிச்ச மறுநாள் அரிவாளை எடுத்துக்கிட்டு, விழுந்த மரத்தைக் கழிக்கப் போனேன்.

படம் வரையுறதும் அப்படித்தான். யூரியா வாங்குன பில்லுக்குப் பின்னால பால்பாயிண்ட் பேனாவுல மடையான், நாரைன்னு கிறுக்குவேன். மடையான் உக்காந்திருந்தா மண் நிறம், பறந்தா வெள்ளை. அந்த வெள்ளை எங்க ஒளிஞ்சிருக்குன்னு வரையும்போதுதான் கவனிச்சேன். இத்தனை வருஷமா பக்கத்துலயே நின்ன பறவை அது. என் சம்சாரம் நோட்டு நோட்டா கோலம் போட்டு வச்சிருக்கா. சாணி தெளிச்ச வாசல்ல போட்டதை வெயில் ஏறுறதுக்குள்ள சைக்கிளும் ஆடும் கலைச்சுடும். மறுநாள் வேற கோலம். இதுல என்ன லாபம்னு அவகிட்ட யாராவது கேட்டுப் பாருங்க, தெரியும்!

1931லயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில புத்தகம் ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. தொடங்கி வச்சவர் சீர்காழியில பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கிராமத்தான் படிப்பான்னு அன்னைக்கே நம்புனாங்க. இன்னைக்கு வீட்டு வரியில ரூபாய்க்கு 10 காசு நூலக வரின்னு நாங்களும் கட்டுறோம். ஆனா எங்க ஊர் பகுதி நேர நூலகத்துல புது நாவல் கண்ணுல படுறதே அபூர்வம். இந்தக் குறையைக் கேக்க வேண்டிய படிச்சவங்க, எங்களைப் பாத்து "எதுக்கு?"ன்னு கேக்குறீங்க.

உழைக்கிற நேரம் மட்டும்தான் எங்க வாழ்க்கைன்னு நினைக்காதீங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பழைய துணியைக் கட்டிக்கிட்டு வர வேண்டாம். நீங்க படிச்சு ரசிச்ச ஒரு நாவலைக் கொண்டாங்க, போதும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். 'வெண்ணிற இரவுகள்' இப்ப கட்டில்ல இல்லை. பஸ்ல படிக்கிறேன்னு மச்சினன் மகன் எடுத்துட்டுப் போயிட்டான். படிச்சு முடிச்சதும் பத்திரமா திருப்பி அனுப்பு மாப்ள.