சந்தோஷமா இரும்மான்னு சொன்னா போதுமா?

கர்ப்பிணியைப் பார்த்ததும் நம்மவர்கள் வாயில் வரும் முதல் வசனம்: ‘மனசை சந்தோஷமா வெச்சுக்கம்மா, உன் கவலை வயித்துல இருக்கிற குழந்தையைப் பாதிக்கும்.’ மாமியார் சொல்வார். டாக்டர் சொல்வார். வளைகாப்புக்கு வந்து சாப்பிட்டுப் போகும் தூரத்து உறவும் சொல்லும். ராத்திரி குடித்துவிட்டு வந்து சோற்றுத் தட்டைத் தூக்கி எறியும் புருஷன்கூட, காலையில் போதை தெளிந்ததும் இதையேதான் சொல்வான்!

இப்போது இந்த உபதேசத்துக்கு விஞ்ஞான முத்திரையும் கிடைத்துவிட்டது. தாய் மன அழுத்தத்தில் இருந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, அது கருவின் மூளை வளர்ச்சியைத் தொடுகிறது என்கிறார்கள். உடனே கர்ப்பிணிகளுக்கென்று தியான வகுப்பு, சங்கீத சிகிச்சை, மொபைல் ஆப் என்று ஒரு வியாபாரமே கிளம்பிவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற சேதி ஒன்றுதான்: நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆனால், பழி உன் தலையில்.

இது அயோக்கியத்தனம். விஞ்ஞானம் சொல்வது அதுவல்ல.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நாள்கணக்கில் உறைமழை பெய்தது. விழுந்த இடத்திலேயே ஐஸாக உறைகிற மழை. பாரம் தாங்காமல் மின்கோபுரங்கள் மடங்கிச் சாய்ந்தன. கொல்லும் குளிரில் சுமார் 30 லட்சம் பேருக்குக் கரண்ட் இல்லை. சிலருக்குச் சில மணி நேரம். சிலருக்கு ஐந்து வாரத்துக்கும் மேல்.

மாண்ட்ரியலில் சூசன் கிங் என்ற ஆய்வாளரின் குழு, அந்தச் சமயத்துக் கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்தது. இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக விசாரித்தது. ஒன்று, உங்களுக்கு என்ன நடந்தது? எத்தனை நாள் இருட்டு, வீட்டை விட்டு வெளியேறினீர்களா, எவ்வளவு நஷ்டம்? இரண்டு, நீங்கள் எவ்வளவு கலங்கிப்போனீர்கள்? பிறகு அவர்கள் பெற்ற குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள்.

அதிகக் கஷ்டத்துக்கு ஆளான பெண்களின் குழந்தைகள் இரண்டு வயதிலும், ஐந்தரை வயதிலும் பேச்சுத் திறனிலும் அறிவுத்திறன் சோதனையிலும் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். ஐந்தரை வயதுச் சோதனையில் அம்மா எவ்வளவு கலங்கினாள் என்பதால் மார்க் மாறவில்லை. அவளுக்கு நேர்ந்த கஷ்டத்தின் அளவால்தான் மாறியது. ‘நான் தைரியமாத்தான் இருந்தேன்’ என்றவளுக்கும் சலுகை இல்லை. வேறு சில குணங்களில் தாயின் மனக்கலக்கமும் கணக்கில் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால், இவையெல்லாம் சராசரிக் கணக்கு. எந்தக் குழந்தைக்கும் எழுதி வைத்த தலையெழுத்து அல்ல.

அப்புறம், கார்ட்டிசால் ஒன்றும் விஷம் கிடையாது. கருவின் நுரையீரல் முதிர்வதற்கே அது வேண்டும். குறைப்பிரசவ ஆபத்து என்றால் டாக்டர்கள் அதே வகை ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டுத்தான் குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். தவிர, நஞ்சுக்கொடியில் ஒரு என்சைம் வாட்ச்மேன் மாதிரி நிற்கிறது. தாயின் கார்ட்டிசாலில் பெரும்பகுதியை வீரியமில்லாத கார்ட்டிசோனாக மாற்றித்தான் உள்ளே விடுகிறது. சீரியல் பார்த்து அழுததற்கெல்லாம் குழந்தையின் மூளை கெட்டுவிடாது. மாதக்கணக்கில் ஓயாத நெருக்கடிதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அந்த நெருக்கடியைத் தருவது யார்? கியூபெக்கில் மழை. இங்கே நாம்.

ஜவுளிக்கடையில் நாள் பூரா நிற்கிற பெண் உட்கார ஒரு இருக்கை போடுங்கள் என்று சொல்ல, தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. சம்பளத்தோடு பேறுகால விடுப்பு 2017-ல் 26 வாரமாக உயர்ந்தது, நல்ல விஷயம். ஆனால், வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் அந்த 26 வாரம் ஏது? வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. இவளிடம் போய், ‘ஸ்ட்ரெஸ் எடுத்துக்காதேம்மா’ என்கிறோம். அவளா எடுத்துக்கொண்டாள்? நாம்தானே கொடுத்தோம்!

கர்ப்பிணிகளுக்கு டென்ஷன் குறைக்க க்ளாஸ் எடுத்தது போதும். க்ளாஸ் தேவைப்படுவது முதலாளிக்கு, மாமியாருக்கு, முக்கியமாகப் புருஷனுக்கு.

அடுத்த முறை வளைகாப்புக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கு எந்த புத்திமதியும் சொல்லாதீர்கள். வளையல் போட்டுவிட்டு, அவள் புருஷனைத் தனியே கூப்பிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். ராத்திரி அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள்? நீ வாங்கின கடனுக்கு யார் பதில் சொல்கிறார்கள்? அவள் மேல் கை நீட்டுகிறாயா?