பழைய காருக்கு அகலச் சக்கரம்: அழகா, ஆபத்தா?

மாட்டு வண்டியில் கடையாணி மிகச் சின்னப் பொருள். ஆனால் அது கழன்று விழுந்தால் பாரம் ஏற்றிய வண்டியே குடை சாய்ந்துவிடும்.

காரும் அப்படித்தான். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலமே. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் காரில் ஏறிப் போகிறார்கள்.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள பாளையம்பட்டியிலும், திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் கிராமங்களிலும் பல வீடுகளுக்கு முதல் கார் பழைய கார்தான். மாருதி 800 அதில் முக்கியமானது. 1983-ம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த இந்தக் காரின் உற்பத்தி 2014-ம் ஆண்டு ஜனவரியில் நின்றது. கடைசியாக வந்த காருக்கே வயது பத்தைத் தாண்டிவிட்டது.

பழைய கார் வீட்டுக்கு வந்ததும் இளைஞர்களின் கண் சக்கரத்தின் மேல் விழுகிறது.

டயர் கடைப் பேச்சு

"அண்ணாச்சி, சக்கரம் ரொம்ப உள்ளே கிடக்கு. கொஞ்சம் வெளியே தெரியுற மாதிரி அகலமாப் போட முடியுமா?"

"போடலாம் தம்பி. அலாய் வீல் மாட்டி, பின்னால ஒரு ஸ்பேசர் கொடுத்தா வண்டி கம்பீரமா நிக்கும்."

பல ஊர்களில் டயர் கடைகளில் நடக்கும் பேச்சு இது. பேச்சு சின்னது. ஆனால் அதற்குள் மூன்று மாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று, டயரின் அளவு. இரண்டு, ஆப்செட். மூன்று, ஸ்பேசர். மூன்றுமே காரின் பாரம் விழும் இடத்தோடு சம்பந்தப்பட்டவை.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் புதிய கார் டயர்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி இல்லாமல் 3,000 ரூபாய் விலையுள்ள டயர் என்று வைத்துக்கொண்டால், முன்பு 3,840 ரூபாய். இப்போது 3,540 ரூபாய். நான்கு டயருக்கு 1,200 ரூபாய் மிச்சம்.

மறுபக்கம் பழைய காரை வைத்திருக்கும் செலவு ஏறிவிட்டது. 20 ஆண்டுக்கு மேற்பட்ட காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது.

ஆக, டயரில் கொஞ்சம் பணம் மிஞ்சுகிறது. காரை விடவும் மனமில்லை. மிஞ்சிய பணத்தை எதில் போடுவது என்பதுதான் கேள்வி. நல்ல டயரிலா, அகல டயரிலா?

டயரில் எழுதியிருப்பது என்ன?

மாருதி 800-ன் டயரில் 145/70 ஆர் 12 என்று இருக்கும்.

145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 70 சதவீதம் என்று பொருள். ஆர் என்றால் ரேடியல் டயர். 12 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

பழைய அம்பாசடர் காரில் 5.90-15 என்று இருக்கும். அகலம் 5.9 அங்குலம், ரிம் 15 அங்குலம். இது ரேடியலுக்கு முந்திய மாதிரி. அந்த மாதிரி டயர் ஒன்றையும் ரேடியல் ஒன்றையும் ஒரே அச்சில் கலந்து போடக் கூடாது. இரண்டும் ரோட்டைப் பிடிக்கும் விதம் வேறு.

அளவுக்குப் பக்கத்தில் 69 எஸ் என்பது போல இன்னொரு குறி இருக்கும். 69 என்றால் அந்த டயர் 325 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை அதற்கு அனுமதி. புது டயரின் தாங்கும் எண் பழையதைவிட ஒருபோதும் குறையக் கூடாது. விலை குறைவு என்று அதை விட்டுக்கொடுத்தால், பிள்ளைகளும் மூட்டைகளும் ஏறிய அன்று டயர் சூடேறி வெடிக்க இடம் உண்டு.

உயரம் மாறினால்...

அதே 12 அங்குல ரிம்மில் 145/80 டயர் போட்டால் என்ன ஆகும்? சிலர் அப்படிப் போடுகிறார்கள்.

கணக்கு எளிது. பழைய டயரின் மொத்த உயரம் சுமார் 508 மில்லிமீட்டர். 145/80 டயரின் உயரம் சுமார் 537 மில்லிமீட்டர். வித்தியாசம் 5.7 சதவீதம்.

இந்த மாற்றம் ஸ்பீடா மீட்டருக்குத் தெரியாது! முள் 80-ல் நிற்கும்போது கார் 84, 85-ல் ஓடும். 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 95-க்குக் கீழேதான் காட்டும். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் சண்டை வரும். மெக்கானிக் பாவம், குற்றம் டயரின் உயரத்தில் இருக்கும்.

பிரேக்கும் அதிகமாக உழைக்க வேண்டும். பெரிய சக்கரத்தை நிறுத்தக் கூடுதல் பலம் தேவை. மொத்த உயரம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது டயர் தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. மாறாமல் இருப்பது இன்னும் நல்லது.

ஆப்செட் என்பது என்ன?

சக்கரத்தின் அகலத்தில் சரிபாதியில் ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளலாம். ரிம்மில் போல்ட்டு மாட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ, அதுதான் ஆப்செட். ரிம்மில் ஈ.டி. 45, ஈ.டி. 35 என்று பொறித்திருப்பார்கள்.

எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும். எண் சிறிதானால் வெளியே வரும். 45 இருந்த இடத்தில் 35 மாட்டினால், சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். மிகவும் உள்ளே போனால் டயர் சஸ்பென்ஷனில் உரசும். மிகவும் வெளியே வந்தால் மட்கார்டில் இடிக்கும்.

நாலு போல்ட்டு ரிம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மாருதி 800-ல் போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு 114.3 மில்லிமீட்டர். வேறு பல சிறிய கார்களில் அது 100 மில்லிமீட்டர். மாட்டுகிறதா என்று மட்டும் பார்க்காமல், நடு ஓட்டை காரின் குடத்தில் இறுக்கமாக உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடுப்பில் குடம், நீட்டிய கையில் குடம்

ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அச்சுக் குடத்துக்கும் இடையில் செருகும் உலோக வட்டம். 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டாலும், ஆப்செட் 10 குறைந்தாலும் பலன் ஒன்றே. சக்கரம் வெளியே தள்ளும்.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மைல் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி நடப்பதற்குள் தோள் கழன்றுவிடும். குடத்தின் எடை கூடவில்லை. பிடித்த இடம்தான் மாறியது.

சக்கரம் வெளியே போனால் வீல் பேரிங் படும் பாடும் அதுதான். பழைய காரில் பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும்.

அடுத்த ஆபத்து போல்ட்டில் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள போல்ட்டில் நட்டு குறைந்தது 12 மில்லிமீட்டர் ஆழமாவது மரையைப் பிடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நடுவில் 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் புகுந்தால், அந்த 10 மில்லிமீட்டர் பிடி போய்விடும். நான்கைந்து சுற்றில் நிற்கும் நட்டு, ஓடும் காரின் அதிர்ச்சியில் தளரும். லேத் பட்டறையில் கணக்கில்லாமல் கடைந்து வாங்கிய ஸ்பேசர் என்றால் ஆபத்து இரட்டிப்பு.

கரிசல் காட்டு ரோடு

பாளையம்பட்டிக் கார் இரண்டு விதமான ரோட்டில் ஓட வேண்டும். அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில் வேகம். அதை விட்டு இறங்கினால் கிராமத்து ரோடு.

வேகச் சாலையில் வெயில் காலத்து நண்பகல் டயரைக் கொதிக்க வைக்கும். கிராமத்து ரோட்டில் சீமைக்கருவேல முள்ளும் பள்ளமும் காத்திருக்கும். அகலமான டயருக்குப் பக்கச்சுவர் பெரும்பாலும் குட்டை. பள்ளத்தில் விழும் அடியை வாங்கிக்கொள்ளச் சுவரில் உயரம் இருக்காது. அடி நேராக ரிம்முக்குப் போகும், ரிம் நெளியும்.

மழை பெய்தால் கரிசல் மண் களியாகச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் மண் உதிரும். அகல டயர் அந்த இடைவெளியையும் அடைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பற்றி 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் விசாரித்த வழக்கு அது. தயாரித்த கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுப் புத்தகத்தின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். கேரள ஐகோர்ட்டு முன்பு கூறிய தீர்ப்பு ரத்தானது.

அதே 2019-ம் ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தேய்ந்த டயரைக் கழற்றி அதே அளவில் புது டயர் போடுவது மாற்றம் அல்ல, பராமரிப்பு. அந்த மாடலுக்குக் கம்பெனியே குறித்த இன்னோர் அளவு இருந்தால் அதையும் போடலாம். தானாக அளவை மாற்றினால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்சு கம்பெனி கேள்வி கேட்க இடம் கொடுத்ததாகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

காரோடு வந்த கையேட்டில் உள்ள அளவையே கேட்க வேண்டும். கையேடு இல்லாவிட்டால் கதவோரத்தில் ஒட்டியுள்ள காகிதத்தைப் பார்க்கலாம்.

டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 3524 என்றால் 2024-ம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. கடையில் பல ஆண்டு கிடந்த டயரைப் புதிது என்று வாங்கக் கூடாது.

கார் டயரின் பட்டை 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்பது விதி. பள்ளங்களுக்குள் அந்த உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். பட்டை அந்த மேட்டைத் தொட்டால் டயரை மாற்றிவிட வேண்டும்.

ஸ்டெப்னி டயரும் அதே அளவில் இருக்க வேண்டும். காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். சக்கரம் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

ஸ்பேசர் ஏற்கெனவே போட்ட காரை வாங்கியிருந்தால், முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுவது நல்லது.

மிஞ்சிய 1,200 ரூபாய்க்கு வேலை இல்லாமல் இல்லை. வீல் அலைன்மென்ட், பேலன்சிங், தேய்ந்த பேரிங் என்று செலவு செய்ய இடம் உண்டு. அவை வெளியே தெரியாது. அண்டை வீட்டார் பார்த்து வியக்க மாட்டார்கள்.

ஆனால் பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வர, இரவில் மதுரையிலிருந்து திரும்பும் தகப்பனாருக்கு அந்தச் செலவின் அருமை தெரியும்.